நொபுறு மோசம் போன செய்தியை மாப்பிள்ளைக்குச் சொன்ன விதம்

அடம்பன்,
2012, சித்திரை மாதம்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அருள்நாயகி அக்காவுக்கு,

அடம்பனிலிருந்து உங்கள் தம்பி கதிர்காமு வணக்கத்துடன் எழுதுவது. முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நான், மங்கையற்கரசி, நிவேதிகா எல்லோரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். மாடுகளும் அப்படியே. அந்தக் குளிர் நாட்டில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கத் திருக்கேதீச்சரத்தான் துணை நிற்கவேண்டும்.

போன கிழமை நீங்கள் தொலைபேசியில் "எடேய் கதிர்காமு, கலியாணப் பேச்சுக்குள்ள செத்தவீட்டுக் கதையைக் கொண்டுவந்து போட்டியேடா, உனக்கென்ன விசரோ" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். நியாயமான கேள்விதான். மாப்பிள்ளையின் தாய் உங்களிடம் கத்தினா, நீங்கள் என்னிடம் கத்தினீர்கள், எனக்குக் கத்துவதற்கு வேறு ஆளில்லை, மாட்டிடம் கத்தினேன். அது என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலைச் சப்பியது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு நீங்கள் அந்த அம்மாவிடம் போய், "என்ர தம்பி வாய்க்கொழுப்புப் பிடிச்சவன் இல்லை, தெரியாமல் செய்துபோட்டான்" என்று சொல்லவேண்டும். இந்தச் சம்பந்தம் குழம்பினால் அது நிவேதிகாவுக்கு நான் என் கையால் செய்த கேடு. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குகிறதில்லை.

மாப்பிள்ளை பார்த்தீபன் பன்னிரண்டு வயதில் அங்கே வந்து உங்கள் கண்முன் வளர்ந்த பிள்ளை, தங்கமான பிள்ளை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் விசாரிக்காமல் இருக்கலாமோ? உங்களுக்குத் தெரியாததில்லை, ஒரு சம்பந்தம் வந்தால் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்த் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து, பொடியன் குடிப்பானோ, தாய் வாய்க்காரியோ, காணியில் வழக்கு வம்பு உண்டோ என்று மெல்லக் கதை பிடுங்குவோம். நானும் இலுப்பைக்கடவைக்குப் போனேன். அவர்களின் வளவில் கிணறு ஒன்றும் பற்றையும்தான் மிச்சம். அயலில் இருந்த சனம் முழுக்க எங்கெங்கோ சிதறி, இப்போது வந்து குடியேறியிருப்பவர்களோ புது ஆக்கள். அவர்கள் என்னையே "நீங்கள் ஆர், எந்தப் பக்கம்" என்று விசாரித்து அனுப்பிவிட்டார்கள்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் நிவேதிகாவுக்குப் போன் எடுப்பார். தொடக்கத்தில் கேட்கச் சகிக்காது. "சாப்பிட்டீங்களோ", "ஓம்", "என்ன கறி", "முருங்கைக்காய்", அதோடு இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம். பாலர் பாடசாலையில் அத்தனை குஞ்சுகுருமானையும் பாட்டுப் படிப்பித்து ஆட்டிவைக்கிற பிள்ளைக்கு இந்த மனிதரோடு கதைக்க வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, பழைய சிரிப்பு. நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் இந்த வீட்டில் கேட்டது. குசினிக்குள் நானும் மங்கையற்கரசியும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"என்ன பிள்ளை, மாப்பிள்ளை என்ன சொன்னவர்?" என்று நைசாகக் கேட்டேன். "கோஸாண்டரைப் பற்றிச் சொன்னவர் அப்பா" என்றாள். அது என்னவென்றால், அக்கா, யப்பான்காரர் கீறிய கார்ட்டூன். பனையை விட உயரமான இரும்பு மனிசர். அவைக்கு நெஞ்சில் கதவு. அதைத் திறந்து உள்ளே ஏறி ஆள் இருந்து ஓட்டவேண்டும். மாப்பிள்ளை பிறக்க முதலே தொடங்கி இன்றைக்கும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறதாம். பாஷையும் தெரியாமல் சிநேகிதரும் இல்லாமல் வந்திறங்கின காலத்தில், சித்தப்பன்காரன் வேலைக்குப் போனபிறகு, பூட்டின அறைக்குள் அவருக்குத் துணை அதுதானாம். "சீதனம் ஒண்டும் வேண்டாமாம் அப்பா. நான் இதைப் பாக்கத் தொடங்கினால் காணுமாம்" என்றாள். வீடு கேட்ட மாப்பிள்ளை உண்டு, வயல் கேட்டவர் உண்டு, டொனேசன் என்று ரொக்கக் காசு கேட்டவர் உண்டு. கார்ட்டூன் பார்க்கச் சொல்லிக் கேட்ட மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பிள்ளையை விசாரிக்க ஊர் ஒன்று இல்லையே என்று அலைந்தேனே, அவன் வளர்ந்த ஊர் இதுதானே. அப்படியானால் பெண்ணின் தகப்பன் அங்கேதான் போய் விசாரிக்கவேண்டும்.

"அப்பா, முதல் எடுத்த முதலாவது கதையை மட்டும் வாங்குங்கோ, வேற ஒண்டும் வேண்டாம்" என்று நிவேதிகா படித்துப் படித்துச் சொல்லித்தான் விட்டாள். மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஜுனைதீன் நானாவின் சீடிக் கடை. அவரும் புத்தளத்தில் இருபது வருசம் அகதியாய்க் கிடந்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்து கடை போட்டிருக்கிறார். "நானா, கோஸாண்டர் இருக்கோ?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆருக்கு அண்ணன், பேரப்புள்ளைக்கா?" "எனக்கு." "எந்தக் கோஸாண்டர்?" எனக்குத் திக்கென்றது. கோஸாண்டர் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். அவர் மேசையில் சீடிகளைப் பரப்பினார். "இது மொத மொத எடுத்தது, படம் பழசு. இது பொறகு எடுத்தது, ஆனா கதை அதுக்கு முந்தி நடந்தது. இது ரெண்டுக்கும் ஒட்டு ஒறவு இல்லாத வேற ஒலகம், அங்கயும் கோஸாண்டர் இருக்கு. இது மொதக் கதைய வெட்டிச் சுருக்கிப் படமாக்கினது. இதப் பாத்தா அதப் பாக்கத் தேவல்ல எண்டு சில பேர் சொல்றாங்க, அப்பிடிச் சொல்றவங்கள மத்தவங்களுக்குக் கண்ணுல காட்ட ஏலாது."

"அப்ப எதில தொடங்கிறது?" என்றேன். "எடுத்த வரிசையில பாக்கிற ஆக்களும் இருக்கு, நடந்த வரிசையில பாக்கிற ஆக்களும் இருக்கு. ரெண்டு கூட்டமும் ஒண்டோட ஒண்டு மொகம் பாத்துப் பேசாது" என்றார். எனக்கு எங்கள் கோயில் நிர்வாக சபை ஞாபகத்துக்கு வந்தது. நான் முழிப்பதைக் கண்டு இரங்கி, "அண்ணன், இலுப்பைக்கடவைக்குப் போறதெண்டா எதிர்ப்பக்கம் போற தலைமன்னார் பஸ்ஸில ஏறலாமா? மொத எடுத்ததிலயே ஏறுங்க, போய்ச் சேருவீங்க" என்று அதைச் சுற்றித் தந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அலுமாரிக்குள் கையை விட்டு இன்னொரு சீடிக் கட்டை எடுத்து, "இது கடைசிப் பாகம், புதுசா வந்தது. இந்தப் பக்கம் ஒருத்தரும் கேக்கல்ல, சும்மா கொண்டு போங்க" என்று பைக்குள் போட்டார். சும்மா தருகிறதை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பரம்பரையிலேயே ஒருவருக்கும் வந்ததில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, நிவேதிகா பள்ளிக்கூடத்தால் வர முதலே முதலாவது சீடியைப் போட்டோம். கரண்ட் வந்து வருசம் ஒன்றும் ஆகாத வீடு, ரீவியும் பழசு, ஆனாலும் அந்த இரும்பன் எழும்பி நின்றபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இப்படி ஒன்று எனக்குக் கிடைத்தால் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே உள்ள வயல் முழுவதையும் காலைச் சாப்பாட்டுக்கு முன் உழுதுபோடலாம். கண்ணிவெடி எடுக்கிற பிள்ளைகளுக்கும் எவ்வளவு உதவி, மிதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அவங்களோ அவ்வளவு பெரிய சாமானைச் செய்து அடிபடுவதற்கு மட்டும் பாவிக்கிறாங்கள். கதைக்கிறது யப்பான் பாஷை, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்போது ஒரு பட்டினம் அழிந்திருக்கும். மங்கையற்கரசிக்கு எழுத்து ஒன்றும் தேவைப்படவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்ததுமே, "இந்தத் தேப்பன் சரியில்லை" என்றாள். அவர்தான் தகப்பன் என்பதையே நான் பிறகுதான் வாசித்து அறிந்தேன். சரியில்லைத்தான். சண்டை கிட்ட வந்துவிட்டது, ஓட்ட ஆளில்லை. அவர் தன் பிள்ளையைக் கூப்பிட்டு ஏறச் சொல்கிறார். நொபுறு என்று பெயர், பதினைந்து வயது. மாட்டன் என்று தலையை ஆட்டுகிறான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கினம். கடைசியில் ஏறுகிறான்.

மங்கையற்கரசி எழும்பிப் போய் ரீவியை நிப்பாட்டினாள்.

"அவன் திரும்பி வாறானோ?" என்று கேட்டாள். "எனக்கெப்பிடித் தெரியும், இப்பதானே தொடங்கியிருக்கு" என்றேன். "அதை அறிஞ்சு சொல்லுங்கோ. பிறகு பாப்பம்" என்றாள். அக்கா, இதற்கு நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். மாத்தளனில் வைத்து எங்கட மகன் கீர்த்தனனைச் சண்டைக்கென்று இழுத்துக்கொண்டு போனபோது அவனுக்கும் அந்த வயசுதான். இன்றைக்கு வரைக்கும் அவனைப் பற்றி ஒருவர் வந்து ஒரு சொல் சொன்னதில்லை. நாங்கள் கேட்காத கந்தோர் இல்லை, போகாத கூட்டம் இல்லை. முகாமில் இருந்த காலம் தொட்டு இங்கே ஒருவரும் கதையைத் தலையிலிருந்து சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை. ஆள் இருக்குதோ இல்லையோ, அதை முதல் சொல்லவேண்டும், மிச்சக் கதை பிறகு. கடிதம் வந்தாலும் கடைசி வரியை வாசித்து நெஞ்சு ஆறினபிறகுதான் மேலே போவோம். ஆகவே நான் ஜுனைதீன் நானா சும்மா தந்த கட்டைப் பிரித்து, அதிலும் கடைசிச் சீடியை எடுத்துப் போட்டேன். அடம்பனில் எந்த வீட்டில் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நொபுறு நரைத்துப்போனான். எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை, மங்கையற்கரசிதான் "கண்ணைப் பாருங்கோ, அதே பிள்ளை" என்றாள். வானத்துக்குள் ஒரு பெரிய பட்டினம் உடைகிறது. உள்ளே இருக்கிற சனம் வெளியேறும் வரைக்கும் அவன் தன் இரும்பனோடு கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சனம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு ஒரு வெளிச்சம். எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கிவிட்டன. சிலவேளை பாட்டு முடிய வருவான் என்று கடைசி எழுத்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. "தாய்க்கு ஆர் சொன்னது?" என்றாள் மங்கையற்கரசி. "அதைக் காட்டேல்லை" என்றேன். "இவ்வளவு பெரிய இரும்பைச் செய்யத் தெரிஞ்சவங்களுக்கு, ஒரு ஆளைத் தாயிட்டை அனுப்பத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அடுத்தநாள் கீரியிலிருந்து வருகிற மீன்காரர் படலையில் நின்று கூப்பிட்டும் அவள் போகவில்லை. பருப்பும் சோறும்தான். 

ஞாயிறு வந்தது. நிவேதிகா கோயிலுக்குப் போயிருந்த நேரம் போன் அடித்தது, நான் எடுத்தேன். "மாமா, நீங்களும் பாக்கத் தொடங்கிட்டீங்களாம், நிவேதிகா சொன்னவ" என்கிறார். குரலில் அப்படி ஒரு சந்தோசம். "நொபுறுவைப் பிடிச்சிருக்கோ மாமா? அவர் எனக்கு அண்ணன் மாதிரி. கடைசியில அவருக்கு என்ன நடந்தது எண்டு நான் இன்னும் பாக்கேல்லை" என்கிறார்.  இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் என்கிறான். போனைப் பொத்திக்கொண்டு மங்கையற்கரசியைப் பார்த்தேன். சொல்லுங்கோ என்று அவள் தலையை ஆட்டினாள். இவ்வளவு நெருங்கின ஆளிடம் எப்படி மறைக்கிறது? நாளைக்குப் பிறத்தியார் வாயால் கேட்டுவிட்டு, "மாமா, தெரிஞ்சிருந்தும் சொல்லாமல் விட்டிட்டீங்களே" என்று கேட்டால் நான் முகத்தை எங்கே வைப்பேன்? அதனால் முறைப்படி சொன்னேன்.

"தம்பி, இப்ப எங்க நிக்கிறீங்கள்?"

"அறையில மாமா."

"கதிரை இருக்கோ? முதல் இருங்கோ. பக்கத்தில ஆரும் இருக்கினமோ? ஒரு வாய் தண்ணி குடியுங்கோ."

"மாமா, என்ன? நிவேதிகாவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்டுமில்லை, கோயிலுக்குப் போட்டாள். நாங்கள் எல்லாரும் சுகம். தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ. நொபுறு மோசம் போட்டார்."

 "கஷ்டப்படேல்லை தம்பி. ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். உள்ளுக்கு இருந்த சனம் முழுக்கத் தப்பினது. உடம்பு மட்டும் எடுக்கேல்லை" என்றேன். ஏங்கி ஏங்கி அழுகிற சத்தம் கேட்டது. மங்கையற்கரசி போனைப் பறித்து, "தம்பி, அழுங்கோ, ஆனால் வயித்தைக் காயப்போடாதேங்கோ" என்றாள். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஒரு கடமையைச் செய்த நிம்மதியோடு நான் வெளியே போய் இருந்தேன் என்பதை நினைக்க இப்போது வெட்கமாயிருக்கிறது.

நிவேதிகா வந்தாள், சொன்னோம். அவள் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அப்பா, அந்தக் கடைசிப் பாகத்தை அவர் வேணுமெண்டுதான் பாக்காமல் வைச்சிருந்தவர். கலியாணம் முடிஞ்சு நானும் அவரும் சேந்து பாக்கிறதெண்டு கதைச்சிருந்தனாங்கள்" என்றாள். ஏசியிருந்தால் நல்லது. ஏசவில்லை.

அதற்குப் பிறகு நான் திருத்துகிறேன் என்று தொட்டதெல்லாம் பிழைத்தது. போன் கார்ட் வாங்கிப் போட்டு மாப்பிள்ளைக்கு எடுத்து, "தம்பி, நான் கண்ணாடி போடாமல்தான் பாத்தனான். உடம்பு எடுக்கேல்லைத்தானே, சிலவேளை எங்கையும் இருப்பார்" என்றேன். "ஓம் மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அப்படிச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியாதோ, எங்களுக்கு எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு மங்கையற்கரசியின் யோசனைப்படி திருக்கேதீச்சரத்துக்குப் போய்ப் பாலாவித் தீர்த்தத்தில் குளித்து, ஒரு மோட்ச அர்ச்சனைக்குக் கொடுத்தோம். ஐயர் பெயர் கேட்டார். நொபுறு என்றேன். அவர் முகம் மாறவில்லை. "நட்சத்திரம்?" "தெரியாது ஐயா." "எங்க மோசம் போனவர்?" "கனதூரத்தில ஐயா." "வெளிநாட்டிலயோ?" "அதுக்கும் அங்கால." பாவம், அவர் எத்தனை பேருக்கு இப்படி இடம் தெரியாமல் செய்திருக்கிறாரோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

அங்கேயாவது நிறுத்தினேனோ? வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் தாய்க்கு எடுத்து, "அம்மா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, மோட்ச அர்ச்சனை செய்தாச்சு" என்றேன். அந்த மனிசிக்கு ஒன்றும் தெரியாது. மகன் அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறானே என்று பதறிக்கொண்டிருந்தவ. "ஐயோ ஆருக்கு?" என்று குழறினா. அது கார்ட்டூன் என்று நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் இரண்டு தரம் மயங்கி எழும்பியிருப்பா. "தாலி ஏற முதல் சாவுச் சடங்கு செய்துபோட்டுப் பகிடியோ விடுறியள், இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று வைத்தா. அடுத்ததாய் உங்களுக்கு எடுத்தா. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அக்கா, அவவிடம் இதை மட்டும் சொல்லுங்கோ. நாங்கள் ஒருவருடைய சாவையும் பகிடியாய்ச் சொல்லுகிற ஆக்கள் இல்லை, எங்களுக்கு அந்தப் பகிடி வராது. கீறின பிள்ளையோ பெத்த பிள்ளையோ, போனான் என்றால் போனான் என்று சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். அது பிழையென்றால் பிழை என்னோடு போகட்டும், நிவேதிகாவை ஒதுக்கவேண்டாம். அவள் வழமைபோலப் பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், கொடியில் உடுப்புக் காயப்போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் மேசைக்குக் கிட்ட வந்து எதையோ தேடுவதுபோல் நின்றுவிட்டுப் போகிறாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது அக்கா. அந்தச் சிரிப்பை ஒரு முறைதான் கேட்டேன், என் வாயாலேயே அதை அணைத்தேன்.

அத்தானின் முழங்கால் வலிக்கு மங்கையற்கரசி வேப்பெண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், வருகிற ஆளிடம் அனுப்புகிறோம். உங்கள் பிள்ளைகள் வாழையடி வாழையாய்த் தழைக்கவும், உங்களுக்கு நீண்ட ஆயுளும் கோபம் குறைந்த மனமும் வாய்க்கவும் கௌரியம்பாளை வேண்டும்,

அன்புத் தம்பி,
கதிர்காமு.

பி.கு.: கடிதத்தை ஒட்டி, தபாற் கந்தோருக்குப் போக வெளிக்கிட்ட நேரம் பார்த்தீபன் எடுத்தார். என்னைத்தான் கேட்டார். ஒட்டினதைப் பிரித்து இதை எழுதுகிறேன். "மாமா, அண்டைக்கு நான் அழுதது நொபுறுவுக்கு இல்லை" என்றார். அவருக்குப் பதினைந்து வயதில் தகப்பன் இலுப்பைக்கடவையில் மோசம் போனதை அங்கே ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லையாம். பாதை பூட்டு, கடிதம் வராது என்றே சொல்லிக்கொண்டிருந்தவையாம். அவர் தகப்பனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு தாயைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போய், அவவின் நெற்றியில் பொட்டில்லாததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். சுற்றி ஆக்கள் நின்றதால் அங்கே அழவும் இல்லையாம். "என்னை இருத்தி, தண்ணி குடிக்கச் சொல்லி, நடந்ததை நேர சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் மாமா. அண்டைக்குத்தான் அப்பாவுக்கு அழுதனான்" என்றார். தாயோடு கதைத்துச் சமாளித்துவிட்டாராம், ஆவணியில் வருகிறார். நிவேதிகா உள்ளே போனோடு இருக்கிறாள். ஆகவே நீங்கள் யாரிடமும் போய் மன்னிப்புக் கேட்கவேண்டாம், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கோ.

ஆனால் இதையும் சொன்னார். விமான நிலையத்தில் நீங்களும் பக்கத்தில் நின்றீர்களாம். பிள்ளை தாங்கமாட்டான், சோதனை முடியட்டும், இப்ப சொல்லவேண்டாம் என்று எல்லோரையும் மறித்தது அருள்நாயகி மாமிதான் என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் செய்தவ என்றும் சொன்னார். அக்கா, கீர்த்தனனோடு நின்ற பொடியள் சிலர் உங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்கினம் என்று கேள்வி. நான் கேட்கும்போதெல்லாம் "கண்டால் விசாரிக்கிறன்" என்கிறீர்கள். நானும் மங்கையற்கரசியும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறோம். தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கோ.